உலகம்மைக்கு நேர்ந்த வெடி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
26-2-1978

அன்பும் மரியாதையும் உள்ள லிங்கம் அண்ணாவுக்கு, தங்கை செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. ஜெர்மனியில் குளிர் குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

என் மகள் மறுபடியும் விழுந்தாள். முதல் தடவை அலாரம் அடித்தபோது விழுந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றோம். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. என் கையைப் பிடித்து நின்ற உலகம்மை அப்படியே சரிந்துவிட்டாள். மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். கொஞ்சம் பொறுத்துக் கண் திறந்தவள், "பஸ் போயோ அம்மா?" என்று பள்ளிக்கூட மலையாளத்தில் கேட்டாள்.

அவளுடைய ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்து நீங்கள் எழுதிய பதிலை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் உப்பு வந்துபோகச் சின்ன வாசல்கள் உண்டு, ஒரு துடிப்பு முடிந்ததும் திறக்கவேண்டிய வாசல் இவளுக்குத் தாமதமாகத் திறப்பதாக இருக்கலாம், அந்நேரம் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகலாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மைத்துனரிடம் வாசித்துக் காட்டினேன். ஆராய்ச்சி என்று ஆட்டு நெஞ்சை வைத்துக்கொண்டு உங்க அண்ணனும் உப்பு யாவாரம்தான் பாக்காரா என்று சிரித்தார். உப்பு மண்டிக்காரருக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் இப்போது நடப்பது சிரிக்கும் விஷயமில்லை. என் நாத்தனார் பார்வதியம்மாள், பிள்ளை விழுந்த அன்றே தேவி கோயிலில் வெடி வழிபாடு நேர்ந்துவிட்டார்கள். மாசிக் கடைசி வெள்ளி, அதாவது மார்ச் பத்து. இரும்புக் குழாயில் மருந்து இடித்து, பேரும் நட்சத்திரமும் சொல்லி வெடிப்பார்களே, அதேதான். உலகம்மையைப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டுமாம். சத்தத்துக்குப் பயந்த பிள்ளைக்குச் சத்தத்தாலேயே பயம் தெளியும் என்கிறார்கள். மதினியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்காக ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறார்கள். நேர்ந்ததைத் தெய்வத்திடம் திரும்பக் கேட்கக்கூடாது என்று அழுகிறார்கள்.

இங்குள்ள டாக்டர் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். உங்கள் மைத்துனர் அதை நம்புகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைக் கேலி செய்தவர், நேற்று நான் அழுததும் இறங்கி வந்தார். "உங்க அண்ணன் இருக்கலாம், இருக்கலாம்னுதானே எழுதுதாரு. இருக்குன்னு ஒரு வரி எனக்கு எழுதட்டும். நானே போய் நிறுத்துதேன்" என்றார்.

அண்ணா, நிரூபிக்காததை நிச்சயம் என்று எழுத உங்களுக்கு மனம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த ஒரு தடவை எனக்காக எழுதுங்கள். கடிதம் போட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், தந்தி அடியுங்கள். அவர் பெயருக்கே அடியுங்கள். வெடி கூடாது என்றால் போதும். நாளைக்கு அது தப்பென்று தெரிந்தால் பழி என்மேல் இருக்கட்டும். தேவியிடமும் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் தம்பி அன்று நயினார் குளத்தில் இறந்துபோனது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக நீந்துகிறவன், குதித்ததும் கையைக்கூட அசைக்கவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆனால் இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அவனைத் தூக்கிக் கிடத்தியதும் அம்மா அலறினார்கள். அந்த அலறலில் படித்துறையில் நின்ற நீங்களும் மயங்கி விழுந்தீர்கள். துக்கம் தாங்காமல் விழுந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் ஈ.சி.ஜி. காகிதத்தையும் கேட்டு வாங்கினீர்கள், அதில் ஒன்றுமில்லை என்றும் எழுதினீர்கள். உங்களுடையதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிற நீங்கள் எடுத்துப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அலாரக் கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். உங்கள் அறையில் ஒன்று இருந்தால், தந்தி அடிக்கப் போகும் வழியில் அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அண்ணா.

உங்கள் தந்தியை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும் தங்கை,
செண்பகவல்லி