கேட்டை யார் கழட்டறது

திங்கள், 3

காலையில இருந்து புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டிட்டு ஏமாத்திட்டுப் போச்சு.

பெருமுக்கல்ல ஒரு காதுகுத்து. போய்ச் சேரல. விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டினதும் டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு, இன்ஜின் படம் போட்டது. மேம்பாலம் ஏற மாட்டேங்குது வண்டி. மூணாவது கியர், ரெண்டாவது கியர், அப்பவும் இழுக்குது. பின்னாடி வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சே உயிரை எடுத்துட்டான். கூடவே அழுகின முட்டை நாத்தம். வசந்தி என்னைப் பார்த்தா, நான் வசந்தியைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம கண்ணாடியை இறக்கினோம். அப்புறம்தான் தெரிஞ்சிது, வண்டிதான்.

பாதியிலேயே திருப்பி விழுப்புரம் வந்தாச்சு. மொய் அனுப்பிடணும்.

வண்டி சனிக்கிழமைதான் திண்டிவனத்துல இருந்து திரும்பி வந்துச்சு. ரெண்டு வாரம் மச்சான் ஏழுமலைகிட்ட இருந்தது. வசந்தியோட தம்பி. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பாண்டிச்சேரிக்குப் போக வர வேணும்னு வாங்கிக்கினு போனான். குடுக்கும்போது லைட்டு எரியல. இதை இங்க எழுதி வெக்கிறேன். குடுக்கும்போது எரியல.

செவ்வாய், 4

டூட்டி முடிஞ்சதும் மெக்கானிக் பாபு ஷெட்டு. வண்டியில ஒரு சின்ன மிஷினைச் சொருகிப் பார்த்தான். அப்புறம் கீழ படுத்து ரப்பர் சுத்தியால தட்டினான். டின்னுக்குள்ள ஜல்லி போட்டு ஆட்டின சத்தம்.

"கேட்டு போச்சு சார்."

எந்த கேட்டுன்னேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். முழுசா சொன்னா வாய் வலிக்குமாம், ஷெட்டுல எல்லாரும் கேட்டுன்னுதான் சொல்வாங்களாம். புகை போற குழாய்ல நடுவுல ஒரு டப்பா. உள்ள தேன்கூடு மாதிரி ஒரு கல்லு இருக்கும், விஷப் புகையை அது சுத்தம் பண்ணும். அந்தக் கல்லு உடைஞ்சி அடைச்சிக்கினு இருக்கு, அதான் வண்டி மூச்சு விட முடியலன்னான். ஒரு பிளக்கு சரியா எரியல, எரியாத பெட்ரோல் போய் கேட்டைக் கெடுத்துருக்கும், முதல்ல பிளக்கை மாத்தணும்னும் சொன்னான். பிளக்கையும் சேர்த்து என் தலையில கட்டப் பாக்கறான்.

புது கேட்டுக்கு அவன் சொன்ன தொகையைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இல்லன்னா வெறும் பைப்பு வெச்சிடலாமாம். புகை சர்டிபிகேட்டுக்கு இன்னாப்பான்னா, அதெல்லாம் பார்த்துக்கலாம் சாருங்கறான். அதெல்லாம் பார்த்துக்கலாம்னு எவன் சொன்னாலும் எனக்கு உள்ளுக்குள்ள மணி அடிக்கும். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர் நான். சந்தேகப்படறதுக்குத்தான் சம்பளம். டிக்கெட் இல்லாதவனை அவன் உட்கார்ந்திருக்கற லட்சணத்துலயே கண்டுபிடிச்சிடுவேன்.

கிளம்பும்போது கடைசியா ஒண்ணு சொன்னான். "பழைய கேட்டை நாங்களே எடுத்துக்குவோம் சார்."

எதுக்கோசரம்? கெட்டுப் போனதை வெச்சி இவன் இன்னா பண்ணப் போறான்?

வீட்டுக்கு வந்து போன்ல பார்த்தேன். அந்தக் கல்லு மேல பிளாட்டினம் பூசியிருக்காங்களாம். தங்கத்துக்குச் சித்தப்பா. ராவோட ராவா வண்டிக்கு அடியில பூந்து அறுத்துக்கினு போற ஊரெல்லாம் இருக்குதாம்.

புதன், 5

வார லீவு. கேப்பைக் கூழு, மல்லாட்டைத் துவையல்.

பிளக்கு நாலும் நானே மாத்திட்டேன். வீடியோ பார்த்து. ஒண்ணு கரி பிடிச்சித்தான் இருந்தது, பாபு சொன்னது அந்த மட்டும் உண்மை. அப்போ கேட்டையும் நானே மாத்தினா இன்னா?

மாத்தலாம்ங்கறதுக்கு:
- கூலி இல்ல.
- பழசு என் கையிலயே இருக்கும்.
- போடறது ஒரிஜினலா டூப்பா, எனக்குத் தெரியும்.
- மொத்தம் நாலு போல்ட்டு, ஒரு சென்சர். வீடியோல அந்த ஆளு பாட்டு பாடிக்கினே பண்றான்.

வேணாம்ங்கறதுக்கு:
- துரு.
- எனக்கு இடுப்பு.
- வசந்தி.

வசந்தி சொன்னது: "கேட்டை கேட்டைன்னு நேத்துல இருந்து இதே பேச்சு. எங்கம்மா நட்சத்திரத்தை இன்னாத்துக்கு இழுக்கறீங்க?" அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

சாயங்காலம் பாயைப் போட்டு வண்டிக்கு அடியில படுத்தேன். டார்ச்சு அடிச்சிப் பார்த்தா கேட்டு டப்பாவுக்குப் பக்கத்துலயே புதுசா வெல்டிங். சுத்தியும் துரு, அது மட்டும் பளபளன்னு இருக்கு. நான் வெல்டு வெச்சதே இல்ல.

ஏழுமலைக்கு தி.வனத்துல வெல்டிங் பட்டறை.

ரொம்ப நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். நல்லதை அறுத்து எடுத்துட்டு, எங்கேயோ கிடந்த உடைஞ்சதை ஒட்ட வெச்சிருக்கான். அப்படி இருக்கக் கூடாது. ஆனா அப்படித்தான் இருக்கு. கல்யாணத்தப்ப என் செருப்பை எடுத்து வெச்சிக்கினு பணம் கேட்டுச் சிரிச்ச பையன். என் சொந்தத் தம்பிகிட்ட கூட வண்டிச் சாவி குடுத்தது இல்ல, இவன்கிட்ட குடுத்தேன்.

வசந்திகிட்ட வாயைத் திறக்கல. கையும் களவுமா பிடிக்கணும்.

வியாழன், 6

தூறல். செஞ்சி ரூட்டுல பத்து வண்டி ஏறி இறங்கினேன். மனசு அதுல இல்ல.

வீட்டுக்குள்ள நுழையும்போது வசந்தி சமையல்கட்டுல போன்ல. ஸ்பீக்கர் போட்டு வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தா. நான் வந்தது தெரியல. காதுல விழுந்ததை அப்படியே எழுதறேன்.

ஏழுமலை குரல்: "கேட்டை அறுத்து எடுத்துட்டேன்கா. பழசுக்கு ஆளு வந்து தூக்கிக்கினு போய்ட்டான். மாமாகிட்ட இப்பவே சொல்லிக்கினு இருக்காத."

வசந்தி: "நான் எங்கடா சொல்லப் போறேன். தெரியும்போது அவரு மூஞ்சியப் பார்க்கணும்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

செருப்பை மாட்டிக்கினு திரும்ப வெளிய போய்ட்டேன். டீக்கடையில உட்கார்ந்தேன். குடிக்கல. தம்பி திருடினான், சரி. இவளும் கூட்டா? இத்தினி வருஷமா என் பக்கத்துல படுத்து எழுந்துக்கறவ. யாரை நம்பறதுன்னே தெரியல.

இனிமே கேட்டை எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். என் வண்டி, என் கை. ஆனா முதல்ல தி.வனம்.

வெள்ளி, 7

எழுதவே கை வரல. எழுதணும்.

தி.வனம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி நேரா பட்டறை. ஜன்னல் கிரில் ஒண்ணை ஒட்டிக்கினு இருந்தான். கூட ஆளுங்க ரெண்டு பேர். கிரில்லுக்குச் சொல்லி வெச்ச வீட்டுக்காரர் ஒருத்தரும் நின்னுக்கினு இருந்தாரு. வாங்க மாமான்னு கண்ணாடியைக் கழட்டினான். டீ சொல்லட்டுமான்னான். வேணாம்னேன்.

"கேட்டை அறுத்தியா இல்லையா?"

அவன் முகத்துல சிரிப்பு. "அக்கா சொல்லிட்டாளா?"

"அறுத்தியா?"

"அறுத்தேன் மாமா."

"வித்துட்டியா?"

"பழசுதானே மாமா. ஆமா."

சிரிச்சிக்கினே சொல்றான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. திருட்டு நாயேன்னேன். அக்கா வீட்டுலயே கை வெக்கறியேடான்னேன். ரோட்டுல போறவன் நின்னு பார்க்கற அளவுக்கு.

மிஷின் சத்தம் நின்னு போச்சு. ஆளுங்க தலையைக் குனிஞ்சிக்கினாங்க. அந்த வீட்டுக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தாரு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் டிக்கெட் இல்லன்னு ஒருத்தனை இறக்கும்போது பஸ்ஸே அப்படித்தான் பார்க்கும்.

அவன் மெதுவா கேட்டான். "எந்த கேட்டு மாமா?"

வண்டி கேட்டுன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்கு ஏதோ சரியில்லன்னு பட்டது.

பைக்கை எடுத்து, ஏறுங்க மாமான்னான். அவங்க வீட்டுக்குக் கூட்டிக்கினு போனான்.

வீட்டு கேட்டு. பழைய ஒத்தைக் கதவு கேட்டு இல்ல. ஒரு பக்கத் தூணை இடிச்சித் தள்ளிக் கட்டி, ரெட்டைக் கதவு வெச்சிருக்கான். அகலமா. சிவப்பு பெயிண்ட்டு கையில ஒட்டுது, சிமெண்ட்டு ஈரம் காயல. கார் தாராளமா உள்ள போகும். எங்க கார்.

கல்யாணம் ஆனதுல இருந்து அந்த வீட்டுல நான் ஒரு ராத்திரி தங்கினது இல்ல. கார் வாங்கின பிறகு அதையே சாக்கா வெச்சிக்கினேன். வண்டி ரோட்டுல நின்னா எவனாவது கோடு போட்டுடுவான், எனக்குத் தூக்கம் வராதும்பேன். இருட்டறதுக்குள்ள கிளம்பிடுவேன். வசந்தி மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு பின்னாடி வருவா.

மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு வாசலுக்கு வந்தாங்க. என் குரலை வெச்சி, வந்துட்டீங்களா மாப்ளன்னாங்க. "இனிமே வண்டிய உள்ளயே உடலாம். இருந்து தூங்கிட்டுப் போலாம்."

ஏழுமலைதான் பேசினான். "மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சிம்மா. ஆசையா பார்க்க வந்துட்டாரு."

அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ள போய்க் காபி போட்டாங்க. குடிச்சேன். எப்படிக் குடிச்சேன்னு கேட்டா தெரியாது.

பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடும்போது வெல்டிங்கைப் பத்தி நான் கேக்காமலே அவனே சொன்னான். ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கி சைலன்சர் பிடி உடைஞ்சி தொங்குச்சாம். மாமா டென்ஷன் ஆவாருன்னு சொல்லாம ஒட்டிட்டானாம். தப்புதான் மாமா, சொல்லியிருக்கணும்னான். அவன் என்கிட்ட மன்னிப்பு கேக்கறான்.

அப்பவாவது நான் கேட்டிருக்கலாம். பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்.

சனி, 8

லீவு போட்டேன். வெயில் மண்டையைப் பொளக்குது.

கேட்டு வாங்கியாச்சு. கடைக்காரன் டப்பாவைப் பிரிக்க விட மாட்டேன்னான், பிரிக்காம வாங்க மாட்டேன்னேன். பிரிச்சோம். நம்பர் சரியா இருந்தது. கடைக்காரனைச் சந்தேகப்பட்டுக்கினு இருக்கும்போது கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு, பழகின வேலை.

பாபுகிட்ட குடுத்துடலாம்னுதான் மனசு சொல்லுது. ஆனா இப்போ யார் முன்னாடியும் போய் நிக்க முகம் இல்ல. வண்டிக்கு அடியில படுத்துட்டா யாரும் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜாக்கியை மட்டும் நம்பாதன்னு வீடியோல சொன்னான். சொல்லணுமா எனக்கு? ரெண்டு ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்தேன். துரு இளக எண்ணெய் அடிச்சி ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன். சென்சர் வந்துடுச்சு. முதல் போல்ட்டு வந்துடுச்சு. ரெண்டாவதும். அப்பப்ப வசந்தி குனிஞ்சி உயிரோட இருக்கேனான்னு பார்த்துட்டுப் போனா.

மூணாவது போல்ட்டு டப்புன்னு தலை உடைஞ்சி கையோட வந்துடுச்சு. மீதி உள்ளயே நிக்குது. இனி வெல்டிங்காரன் வந்து சூடு காட்டி அறுத்தாத்தான்.

வி.புரத்துல வெல்டிங்காரன் இல்லாம இல்ல. ஆனா வசந்தி அதுக்குள்ள போனை எடுத்துட்டா. "தம்பிய விட்டுட்டு எவனையோ கூப்புடுவீங்களா?" வேணாம்னேன். ஏன்னு கேட்டா. ஸ்பேனரைத் துடைச்சிக்கினு இருந்தேன். அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அவன் சொல்லல. வீட்டு கேட்டு விஷயம் எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கான். அவ நேத்துல இருந்து அதுக்கே பூரிச்சிக்கினு இருக்கா.

வர்றேன்கான்னு சொன்னானாம்.

ஞாயிறு, 9

காலையிலேயே வந்துட்டான். கேஸ் சிலிண்டரை ஆட்டோவுல போட்டு எடுத்துக்கினு. மாமான்னு அவன் கூப்பிடல, வாடான்னு நானும் சொல்லல.

பாயை விரிச்சேன். வேணாம்னு சாக்கு மேல படுத்தான். நான் டார்ச்சு பிடிச்சேன். போல்ட்டைச் சூடு பண்ணி அறுத்து எடுத்தான். புதுசை ஏத்தி முடுக்கினான். ஸ்பேனர் கேட்டது கூட கையை நீட்டித்தான். ஸ்டார்ட் பண்ணோம். சத்தம் சுத்தம். பாபுவோட மிஷின்ல அழிச்சாத்தான் லைட்டு அணையும், நாளைக்குப் போகணும்.

நடுவுல ஒரு தடவை, ஏழுமலைன்னு கூப்பிட்டேன். சொல்லுங்க மாமான்னான். வெளிச்சம் சரியா படுதான்னு கேட்டேன். படுதுன்னான்.

முடிச்சிட்டு, கழட்டின பழைய கேட்டைத் துணியால துடைச்சி, ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினான்.

"பழசு. பத்திரமா வெச்சிக்குங்க மாமா."

குத்திக் காட்டல அவன். அப்படிக் காட்டியிருந்தா தேவலாம். நிஜமாவே பயந்துக்கினு குடுத்தான்.

வசந்தி கோழி அடிச்சி வெச்சிருந்தா. வேலை இருக்குன்னுட்டான். அந்த கிரில் வேலையான்னு கேட்டா. அது இல்லக்கா, அவரு வேற பட்டறையில குடுத்துட்டாருன்னான். என்னைப் பார்க்கல. ஆட்டோ ஏறிட்டான்.

வசந்தி தெரு முனை வரைக்கும் பார்த்துக்கினு நின்னா. உள்ள வந்து அடுப்பை அணைச்சா. என் எதிர்ல உட்கார்ந்து, "அவனை இன்னா சொன்னீங்க?"ன்னா.

சொன்னேன். முழுசும் சொன்னேன்.

அப்புறம் கேட்டா.

"எல்லார் எதிர்லயுமா?"

ஆமான்னேன்.