சந்துக் குழாயின் புகார் எண்

ஜூலை 3
மேலிடத்திலிருந்து மறுபடி ஒரு சீர்திருத்தம். போன வருஷம் பச்சைப் படிவம், இந்த வருஷம் காகிதமே கூடாதாம். நகராட்சிக்கு வரும் புகாரெல்லாம் கணினியில் ஏறி, ஏழே நாளில் தீர வேண்டும். புகார்ப் பிரிவில் இனி ஒருவர் போதுமாம். இருப்பது நானும் புதிதாக வந்த கண்ணாடிக்காரரும். வந்த அன்றே, "அக்கா, உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கேட்டவர். ஆள் சரியில்லை.

ஜூலை 10
மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. என்னைக் கண்டதும் டக்கென்று திரையை அணைத்தார். என்ன மூடுமந்திரம்?

ஜூலை 16
பிடித்துவிட்டேன்! சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் குழாயில் சாக்கடை வருகிறது. அங்கிருந்து ஒரு அம்மா வாராவாரம் வந்து நிற்கிறார். போன வாரம் அவர் புகாருக்கு ஒரு எண், இந்த வாரம் வேறு எண். எதுவும் ஏழு நாள் தாண்டாத மாதிரி காட்டி நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் இந்தக் கண்ணாடிக்காரர். என் வேலைக்கு வேட்டு!
"உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்" என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூலை 23
எண் மாறிய முப்பத்தொரு புகார்களை எழுதி ஆணையரிடம் கொடுத்தேன்.

ஜூலை 25
அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, "ஆறாம் நாளைப் பாத்துக்கோங்க அக்கா" என்றார். மிரட்டுகிறாரா?

ஜூலை 30
சந்து அம்மா என் மேஜையில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்தார். கறுப்பு.
"தீர்ந்துடுச்சுன்னு போன்ல வருது. எங்க தீர்ந்துச்சு? நீயே குடிச்சுப் பாரு. என் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கா."
திரையைத் திறந்தேன். யாரும் தொடவில்லை. ஏழு நாள் முடிந்ததும் கணினியே 'தீர்ந்தது' என்று போட்டுக்கொண்டிருக்கிறது. முப்பத்தொன்றும்! தீர்ந்த புகாரைப் பொறியாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அடப்பாவி, அந்த மனுஷன் ஆறாம் நாளே புது எண் போட்டு அதையெல்லாம் உயிரோட வெச்சிருந்திருக்கான். எங்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நம்பியிருப்பேனா?

ஜூலை 31
எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டுக் கிடங்குக்குப் போனேன். ஆணையரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.
"வேண்டாம்க்கா. சொன்னா இந்த வழியையும் அடைச்சிடுவாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6
ஆறாம் நாள். எல்லோரும் சாப்பிடப் போனதும் உட்கார்ந்தேன். சந்துக் குழாயை முதலில் ஏற்றினேன்.
வரிப் பிரிவுப் பெண் உள்ளே வந்தாள். டக்கென்று திரையை அணைத்தேன்.
"என்னக்கா, சாப்பிட வரலையா?" என்றாள். அணைந்த திரையை ஒரு பார்வை பார்த்தாள்.
அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.