பத்துப் பெட்டி மருந்து

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மகளும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அங்கேயும் டீயிலேயே காலம் தள்ளுகிறாயா?

நேற்றுப் பேப்பரில் என் கருத்து வந்துவிட்டது. குண்டு வைத்தவன் அடுத்த நாட்டில் ஒளிந்திருந்தால் நம் ராணுவம் அங்கேயே போய்ப் பிடிக்க வேண்டும், வாசலில் காத்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். ஒரு வரி வெட்டவில்லை. ஆஸ்பத்திரியில் என் மருந்துக் கவுண்டருக்கு வந்தவர்களெல்லாம் "நீங்கதானா மேடம் அது?" என்று கேட்டார்கள். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று உன் அத்தானைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்களே. பேசுகிற உரிமை எனக்கு இல்லாமல் யாருக்கு?

எல்லை தாண்டிய நம் ராணுவத்தோடு மொழிபெயர்ப்பாளனாகப் போக நீ தயங்கினாய். நான்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊரிலும் பேசுவது நம் பாஷைதான், உனக்கோ பாம்புச்செவி. கதவுக்குப் பின்னால் நின்று அப்பா அம்மா சண்டையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தவன் ஆயிற்றே. இப்போது நாட்டுக்காக ஒட்டுக்கேள்.

உன் அக்கா

மார்ச் 11

என் அக்காவுக்கு,

விடுப்பில் வரும் நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அவருக்கு ஒரு வேளை நல்ல சோறு போடு.

மூடிப்போன ஒரு வங்கியின் லாக்கர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் காதில் ஹெட்போன். ஊராரின் போன் பேச்சைக் கேட்டு மேஜருக்கு அவர் மொழியில் எழுதித் தர வேண்டும். பெரும்பாலும் மாமியார் புலம்பல், பல்வலி. வெளியே போனால் எங்கள் பூட்ஸ் சத்தத்துக்கு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன. நேற்று ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஒரு குரல் என்னைப் படுத்துகிறது. செவ்வாய்தோறும் ஒருவர், "மருந்து வந்தாச்சு, பத்துப் பெட்டி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இறக்கிடுங்க. பசங்களை வரச் சொல்லிடுறேன்" என்கிறார். நம் பாஷையில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, குண்டில் அடைப்பதும் மருந்து. குழந்தைகளும் பசங்க, துப்பாக்கி தூக்குகிறவர்களும் பசங்க. மேஜர் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். இரண்டில் ஒன்றைத்தான் நான் எழுத முடியும். நீ மருந்திலேயே புழங்குகிறவள். உனக்கு என்ன தோன்றுகிறது?

உன் தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

இதில் என்னடா குழப்பம்? காய்ச்சல் மருந்தை எவனாவது கட்டடத்துக்குப் பின்னால் இறக்குவானா? பத்துப் பெட்டி மருந்து வந்தால் முன்வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். அவன் வாயில் வருவது வெடிமருந்துதான். நீ நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு ரயில் நிலையம் போய்விடும். எழுதித் தொலை.

உன் நண்பர் சாப்பிட்டார். மூன்று தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர். அவர் கையிலேயே இதைக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

என் தங்கத் தம்பிக்கு,

பேப்பரில் முதல் பக்கம்! "பள்ளி வளாகத்தில் வெடிமருந்துக் கிடங்கு தகர்ப்பு." உன் வேலைதானே? துண்டைக் கத்தரித்து அத்தான் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறேன். குண்டு வெடித்த நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? தலைக்கனமா?

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுதிக் கொடுத்தேன். "உறுதியா?" என்று மேஜர் கேட்டார். "உறுதி சார்" என்றேன். அடுத்த செவ்வாய் காலை பத்தரைக்கு அடித்தார்கள். மறுநாள் என்னையும் கூட்டிப் போனார்கள்.

சிரப் பாட்டில்கள், அக்கா. ஊற்றிக் கொடுக்கிற சின்ன மூடிகள். முன்வாசல் தெருவில் எங்கள் காவல் இருக்கிறது, அதனால்தான் பின்னால் இறக்கியிருக்கிறார்கள். பேசியவர் தலைமை ஆசிரியர். அவர் பசங்க என்று சொன்னது பசங்களைத்தான். எத்தனை பேர் என்று எழுத மாட்டேன்.

சீட்டில் எழுத்து புரியாவிட்டால் டாக்டர் அறைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்துதான் மருந்து கொடுப்பாய். என்னை மட்டும் ஏன் ஊகிக்கச் சொன்னாய்?

போன வாரம் இன்னொருவன் மருந்து என்றான். ஆஸ்பத்திரி மருந்துதான் சார் என்று நானே அடித்துச் சொன்னேன். வியாழனன்று பாலத்தில் நம் லாரி வெடித்தது. நாலு பேர். உன் கையால் ரசம் குடித்தவரும் அதில் ஒருவர்.

இப்போது ஒரு பெண் குரல். "மருந்து தீரப்போகுது, வீட்டுக்கே கொண்டாந்துடுங்க" என்கிறாள். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டைக் குறித்துவைத்துவிட்டார்கள். பேப்பரில் அவ்வளவு தெளிவாக எழுதினாயே. சொல். இது எந்த மருந்து?

தம்பி

ஏப்ரல் 21

என் கண்ணே,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். பேப்பர் துண்டைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் குழந்தைகளைக் கொன்றது என் வாய். யார் கேட்டாலும் அக்கா சொன்னாள் என்று சொல்.

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன். அத்தானைக் கொன்றவன் எங்கோ சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். அவனைத் தேடி யாராவது போகத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. இந்தக் கொதிப்போடு அந்தப் பாட்டில்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுண்டரில் நிற்கிறேன்.

அந்தப் பெண்ணின் மருந்து எது என்று எனக்குத் தெரியாதுடா. உனக்கும் தெரியாது. தெரியாது என்றே எழுதிக் கொடு. அப்படி எழுத விடமாட்டார்கள் என்றால் பேனாவை வைத்துவிட்டுக் கிளம்பி வா. என்ன தண்டனை கொடுத்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று, சனிக்கிழமை வந்தது. நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டில் எதை எழுதினேன் என்று கேட்காதே. இனி எனக்குக் கடிதம் போடாதே. கொஞ்ச நாளைக்குப் பேப்பர் வாங்க வேண்டாம்.

தம்பி