மெல்பர்ன் மெஷினும் ஆடி அமாவாசைக் காப்பியும்

திருப்பாதிரிப்புலியூர்
16.8.2010

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடமாடி நல்லபடியாக இருக்கிறேன், நீயும் வெண்மதியும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

நீ உன் சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பிய காப்பிக்கொட்டை மெஷின் நன்றாக அரைக்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது உன் மனசு நோகக்கூடாது என்று சொன்னது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அதன் பிளக் நம் வீட்டு சுவிட்ச்போர்டில் நுழையவில்லை, பக்கத்து வீட்டு சார்லஸ் தம்பி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும்போது அதற்கு ஒரு மாற்று பிளக்கும் வறுத்த கொட்டையும் வாங்கி வந்து கொடுத்தது. அரைத்தேன், முகப்பவுடர் மாதிரி விழுந்தது. ஆவியை அழுத்தி இறக்குகிற உங்கள் ஊர்க் காப்பிக்கு அது சரி, நம் பித்தளை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நிற்கிறது. தட்டினேன், ஊதினேன், விடிகாலையில் ஊற்றியது பத்து மணிக்கு நாலு சொட்டு இறங்கியது. நீ சொன்னபடி மெஷின் குமிழைக் கொரகொரப்புப் பக்கம் கடைசி வரை திருப்பினேன், பாதி ரவையும் பாதி மாவுமாக வந்தது, டிகாஷன், பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. சிக்கரி இல்லாததுதான் குறை என்று நினைத்து, கடையில் போடுகிற மாதிரி சிக்கரியையும் கொட்டையோடு சேர்த்து மேலே கொட்டிவிட்டேன். நம் ஊர்க் கடல் காற்றில் அது ஏற்கெனவே நமுத்துப்போயிருந்தது, உள்ளே அல்வா மாதிரி அப்பிக்கொண்டு மெஷின் உறுமி நின்றுவிட்டது. கொண்டை ஊசியால் நோண்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டும் போனது. சிக்கரி போட்டது என் தப்புதான், ஆனால் அதற்கு முன்னாலும் அது ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்காமல் இந்த மெஷின் ஏன் வந்தது என்று வெண்மதி ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. சிதம்பரத்திலிருந்து உன் அத்தை ரத்தினம்மாள் உனக்கு போன் செய்து, என் தம்பி செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உன் அம்மா காப்பித்தூள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறாள், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்றார்களாம். நீயும் அம்மா வீட்டிலேயே அரைத்துக்கொள்ளட்டும் என்று மெஷின் வாங்கிவிட்டாய். பணி ஓய்வு பெறுகிறவரை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் வந்தவள் நான். அப்போது சிரிக்காத ஊர் இப்போதா சிரிக்கப்போகிறது? நீ மெஷின் அனுப்பியது எனக்குக் காப்பி கொடுக்கவா, வாசலை அடைக்கவா? எனக்கு அழுகை வரவில்லை கதிரவா, ஆத்திரம்தான் வந்தது.

போன வாரம் ஆடி அமாவாசை. உன் அத்தை காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். வடை, பாயசம், புது வேட்டி எல்லாம் வைத்தாயிற்று, அப்பாவுடைய டம்ளரில் காப்பி மட்டும் வைக்க வேண்டும். மெஷின் நிற்பதற்கு முன்னால் அரைத்து மீந்த தூளில் டிகாஷன் இறங்கவே இல்லை. வெந்நீரில் கலக்குகிற உடனடித் தூளைப் போட்டு வைத்துவிடலாம், காக்காவுக்கு என்ன தெரியப்போகிறது என்றார்கள் அத்தை. உயிரோடு இருந்தவரை உன் அப்பா அதை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினேன். அத்தை வாசலில் வந்து நின்றுகொண்டு, நல்ல நாளும் அதுவுமா எங்க கெளம்பிட்ட என்றார்கள். "அவருக்குக் காப்பித்தூள் வாங்கப் போறேன் அண்ணி. வேணாம்னா அவரே வந்து தடுக்கட்டும், நிக்கிறேன்" என்றேன். ஒதுங்கிக்கொண்டார்கள். சந்நிதித் தெருக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சிக்கரி வழக்கம்போலத்தானே என்று மட்டும் கேட்டார். அரைத்த சூடு ஆறாத பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு நடுவிலேயே நடந்து வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள், இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள், அவ்வளவுதான். காக்கா வந்து எடுத்தது. பிறகு உன் அத்தையும் காப்பி குடித்தார்கள், இன்னும் அரை டம்ளர் இருக்குமா என்று வேறு கேட்டார்கள், கொடுத்தேன்.

மெஷினில் அப்பியிருந்த சிக்கரியைச் சுரண்டித் துடைத்து, அதே பெட்டியில் போட்டு அத்தையிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். வெளியே போகக்கூடாது என்று நினைக்கிறவர்கள் வைத்து அரைக்கட்டும். நான் தூள் தீரும்போதெல்லாம் கடைக்குப் போவேன், மனசு வந்தால் சில்வர் பீச்சுக்கும் போவேன். யாராவது உனக்கு போன் செய்தால், அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள் என்று சொல்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நீ பாசத்தில்தான் செய்தாய். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, வெண்மதியைத் தனியாக விடாதே. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், இங்கே வெயில் கொளுத்துகிறது, அடுத்து யாராவது வந்தால் ஒரு மடக்குக் குடை கொடுத்தனுப்பு. கறுப்பு வேண்டாம், நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
மாலதி