சங்கிலி இல்லாத யானை

நவம்பர் 17, திங்கள்
காலையில் மழை, பத்து நிமிடத்தில் சுள்ளென்று வெயில். கார்த்திகை முதல் தேதி. என் வீட்டுக்காரர் முரளி விடியும் முன்பே கிளென் ஈடன் கோயிலுக்குப் போய், குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசம்பரில் தான்சானியா சஃபாரி இருக்கிறதே என்றேன்.
"அதுக்கென்ன? ஐயப்பனும் காட்டுலதானே இருக்கார்!"
இந்த மனுஷனிடம் என்ன பேச.

நவம்பர் 20, வியாழன்
சஃபாரிக்காரர்களின் மெயில். கருப்பு, கருநீலம் கூடவே கூடாதாம். செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்குமாம். நோயும் வரலாமாம்.
"சாமி பார்த்துப்பார்."
"ஈக்கு சாமியைத் தெரியுமா?"
பேச்சுவார்த்தை முறிவு.
வாங்க: கொசு மருந்து, தொப்பி, மகள் நிலாவுக்கு முழுக்கைச் சட்டை. பைனாகுலர் இரவல்.
எனக்கு இருப்பது ஒரே ஆசை. சின்ன வயதில் கோயில் யானையின் கால் சங்கிலியைப் பார்த்து அழுவேன். சங்கிலி இல்லாத யானை ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு இத்தனை முட்டுக்கட்டை!

நவம்பர் 22, சனி
நானே குருசாமிக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். கருப்பு இல்லாமல் வேறு நிறம் உடுக்கலாமா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.
"ஓம் தங்கச்சி, காவியும் உடுக்கலாம்தானே. சாமியைச் சப்பாத்தும் போடச் சொல்லுங்கோ. காட்டுக்குப் போனா காட்டின்ர சொல்லைத்தான் கேக்க வேணும்."
அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.
மாலையில் முரளி காவி டி-ஷர்ட்டில், காலில் ஷூ. நிலா: "டாட், யூ லுக் லைக் எ கேரட்."

டிசம்பர் 5, வெள்ளி
சிட்டியில் டிராவல் டாக்டர். ஊசி, மலேரியா மாத்திரை. நிலா கம்மென்று இருந்தாள். முரளி போட்ட "சாமியே சரணம் ஐயப்பா"வில் நர்ஸ் துள்ளிவிட்டாள்.
புதுக் கவலை. வண்டியில் சத்தமே கூடாது. யானை மிரண்டால் ஓடும், இல்லை நம் மேல் பாயும். இவரோ குளித்தால் சரணம், கார் கிளம்பினால் சரணம். பக்கத்து வீட்டு நாய் பதில் ஊளை போடுகிறது.
"இனிமே மனசுக்குள்ளயே சொல்லுங்க."
"முயற்சி பண்றேன்."

டிசம்பர் 13, சனி
மவுண்ட் வெல்லிங்டன் மால். கிறிஸ்துமஸ் கூட்டம். காலையிலிருந்து முரளி மூச்சு விடவில்லை, எனக்கே ஆச்சரியம். பார்க்கிங்கில் ஒரு இடம் கிடைத்தது. "சாமியே சரணம் ஐயப்பா!" தோல்வி.

டிசம்பர் 22, திங்கள். தான்சானியா.
விடிகாலைக் குளிர். புழுதி.
யானைக் கூட்டம்! எண்ணத் தோன்றவில்லை. அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. கைடு இன்ஜினை அணைத்தார். முரளி வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தாரை தாரையாய்.
பெரியது எங்களை ஒட்டியே போனது. நான் காலைத்தான் பார்த்தேன். வெறும் கால். சேறு, அவ்வளவுதான்.
கடைசி வாலும் மரங்களுக்குள் மறைந்து, வண்டி வெகுதூரம் வந்த பிறகு, "சாமியே சரணம் ஐயப்பா!" என்று ஒரு அலறல். கைடு பிரேக் போட்டுவிட்டார். எல்லோரும் முரளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.
கத்தியது நான்.