அடுப்படி வரைக்கும் உள்ள தூரம்

அன்புள்ள வாலுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, அக்கா எல்லோரும் நலம். நீயும் நலம்தானே என்று அடுத்த வரியில் கேட்பதுதான் வழக்கம், கையும் தானாக அங்கேதான் போகிறது, ஆனால் இந்தத் தடவை அதைக் கேட்கவே பயமாக இருக்கிறதடா. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, யாராவது சிரிப்புக் காட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். அப்பா கடையில் ரிப்பேருக்கு வந்த தையல் மெஷின்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்துத் திருகாணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு மடியில் இருக்கும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் மணி பார்த்தேன் என்கிறார். எதிர்ச் சுவரில் அவ்வளவு பெரிய கடிகாரம் தொங்குகிறது.

மருமகள் பேசினாள். கோபப்படாதே. உங்கள் இருவருக்கும் நடுவில் ஆயிரம் இருக்கட்டும், பிரிந்து போனவளாகவே இருக்கட்டும், எங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. "அத்தை, அவரு வேலைக்குப் போறதையே விட்டுட்டாராம். கூட வேலை செய்யறவங்க வந்து கதவத் தட்டினா உள்ளேர்ந்து சத்தம் மட்டும் குடுக்கறாராம், திறக்கறதில்லையாம். நீங்களாவது பேசுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். பேசுவதற்கு நீ போனை எடுத்தால்தானே. கடைசியாக எடுத்த அன்றைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்குக் காதை விட்டுப் போகவில்லை. "கட்டில்லேர்ந்து அடுப்படியே தொலைவா இருக்கும்மா" என்றாய். அப்பா கேட்டுவிட்டு, "சோம்பேறித்தனத்துக்குப் புதுப் பேரு வெச்சிருக்கான் உன் புள்ள" என்று சிரித்தார். சிரித்தவர்தான் இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டில் யாராவது தொலைவு என்று பேசியிருக்கிறோமா? தூரம் என்றுதானே சொல்வோம். தொலைவு நான் ஆபீஸில் திருத்துகிற தாளில் இருக்கிற சொல், அது உன் வாயில் எப்படி வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போதாக்குறைக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் தயாரிக்கும் அகராதி சரியாக இப்போது பார்த்துத் தகர வரிசைக்கு வந்து நிற்கிறது. எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பொருள் எழுதி, கீழே ஓர் உதாரண வாக்கியம் போட வேண்டும், அதுவும் யாரோ ஒருவர் உண்மையிலேயே பேசிய வாக்கியமாக இருக்க வேண்டும். இத்தனை வருடமும் உன்னை வைத்துத்தான் நான் பிழைப்பை ஓட்டினேன். அடம் என்ற சொல்லுக்குக் கீழே நீ, உருட்டு என்ற சொல்லுக்குக் கீழே நீ, சிணுங்கு என்ற சொல்லுக்குக் கீழேயும் நீதான். தூரம் வந்தது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக வந்துவிட்டு, பையை நடுக்கூடத்தில் வீசிவிட்டு, "எவ்ளோ தூரம் நடந்து வந்தேன் தெரியுமா" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாயே, அதைப் போட்டேன். பள்ளிக்கூடம் தெருமுனையில் இருந்தது. மாடியில் நின்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தொலைவுக்கு வந்ததும் பேனா நகரவில்லை. அதுவும் தூரமும் ஒன்றுதான், ஒரே பொருளைப் போட்டுவிட்டுப் போகலாம், மற்ற அகராதிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுப் பார். இன்னும் எவ்வளவு தூரம், கொஞ்ச தூரம் கூட வாயேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போகிறாயே. தூரம் என்றால் யாரோ நடந்து வருகிறார்கள். தொலைவில் ஒரு விளக்கு தெரிந்தது என்று எழுதும்போது, எழுதுகிறவன் நின்ற இடத்தில் நிற்கிறான், விளக்கு அங்கேயே இருக்கிறது. அதனால் தூரம் என்றால் போகலாம், தொலைவு என்றால் பார்க்கத்தான் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பதிப்பாசிரியர் படித்துவிட்டு, "இது அகராதியா, அழுகாச்சியாம்மா?" என்று கேட்டார். பிறகு என் மேஜையில் கிடந்த துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டார். அதில் உன் வாக்கியத்தைத்தான் கிறுக்கி வைத்திருந்தேன். "அட, பிரமாதமா இருக்கே, யாரு சொன்னது?" என்றார். வெடுக்கென்று பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடத்துக்கு உதாரணமாக இருந்தாய், சிணுங்கலுக்கு இருந்தாய், எனக்குப் பெருமை. இதற்கு என் பிள்ளை உதாரணமாக இருக்க மாட்டான். எத்தனை பதிப்பு வந்தாலும் சரி.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுந்திரு, குளி, மனசைத் தேற்றிக்கொள் என்று எழுதினால் எழுதின எனக்கே எரிச்சல் வருகிறது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். தினமும் பொழுது விடிந்தால் உன்னைப் பற்றி யார் என்ன செய்தி சொல்லப் போகிறார்களோ என்று இருக்கிறது. அதனால் நானே கிளம்பி வருகிறேன். லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற உன் அம்மா விமானத்தில் வரப் போகிறாள், சிரிக்காதே, சிரித்தாலும் சந்தோஷம்தான். கடிதம் கைக்கு வந்த சூட்டோடு நானும் வந்துவிடுவேன். வேலைக்கு ஏன் போகவில்லை, அவள் ஏன் போனாள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ படுத்தே இரு, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் தாள்களைத் திருத்திக்கொண்டு இருக்கிறேன். அதுவரைக்கும் எனக்காக உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள். முடியாமல் போகிற மாதிரி இருந்தால் அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, இல்லை அப்பாவைக் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பார்.

அக்காவும் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்கள். நீ நூறு வயது இருக்க வேண்டும், எங்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டாவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தை நான் சாதாரணத் தபாலில் போடவில்லை. ஆள் வந்து நேரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பான், அதுவரை திரும்பத் திரும்ப வந்து தட்டுவான், வேண்டுமென்றேதான் அப்படி அனுப்பினேன். ஆகவே இதை நீ படிக்கிறாய் என்றால் கட்டிலை விட்டு எழுந்து கதவு வரைக்கும் வந்திருக்கிறாய். உன் வீட்டில் கதவுக்குப் பக்கத்தில்தானே அடுப்படி. பாதிக்கு மேலே வந்துவிட்டாய் கண்ணா, இன்னும் கொஞ்ச தூரம்தான், போய் ஒரு வாய் தண்ணீர் குடி.

மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா