கடையில் உன்னை யாரென்று சொன்னேன்

என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆளான என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாளும் நான் உனக்கு எழுதாததற்கு வேலை காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தச் சனிக்கிழமையை எழுத வேண்டிவரும். அதுதான் காரணம்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தான் நலமாக இருக்கிறார். பாசிர் கூடாங்கில் அதே தொழிற்சாலை, அதே ஷிப்ட். உங்கள் அடுக்குமாடியில் லிப்டை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். நீ முட்டிவலியோடு நாலு மாடி ஏறிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு அது தோன்றவில்லை. கவிதாவுக்குத் துறைமுகம் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. காரைப் பின்னால் எடுக்கும்போது உன்னைப் போலவே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள் உன் மகள்.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

அத்தானின் கார் பட்டறையில் இருந்தது. மாதச் சாமான் வாங்க உன்னை நான்தான் ஜொகூர் பாருவில் நான் வழக்கமாகப் போகும் பெரிய கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேருக்கும் ஒரே தள்ளுவண்டி. நீதான் தள்ளினாய். நெத்திலிக் கருவாடு, மீன் மசாலாப் பொட்டலங்கள், பெரிய பாட்டில் தேங்காயெண்ணெய், மூட்டை மாதிரி ஒரு சவர்க்காரத் தூள், விலை குறைத்து மஞ்சள் தாள் ஒட்டிய ரொட்டி. அதன் மேல் என் சாமான்கள்: ஓட்ஸ் பால், ஒலிவ எண்ணெய், வாசனையே இல்லாத ஒரு சவர்க்காரக் கட்டி. நீ அதை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாய்.

“வாசனையே இல்லையே பாப்பா. அப்புறம் எதுக்கு இது?”

நான் சிரிக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன்.

எனக்கு அந்தப் புத்தி எப்போது வந்தது தெரியுமா? அலுவலகத்தில் சேர்ந்த புதிதில். மற்றவர்கள் என்ன குடிக்கிறார்கள், எதில் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், அவர்கள்மேல் என்ன வாசனை அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினேன். முதலில் பவுடர், பிறகு தலைக்கு எண்ணெய், பிறகு சமையல். கூலாய் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்த தேவி கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டு அலமாரியிலிருந்து காணாமல் போனாள். நீ மட்டும் மாறவேயில்லை. படிப்பை விட்டுவிட்டு செனாய் தொழிற்சாலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்த நாளில் என்ன வாங்கினாயோ, அதையேதான் கடைசிவரை வாங்கினாய். நீ வாங்கும் சாமானைப் பார்த்தாலே நீ யாரென்று சொல்லிவிடலாம். உன்னோடு நின்றால் நான் யாரென்றும் சொல்லிவிடலாம். எனக்குப் பயம் அதுதான்.

பணம் கட்டும் வரிசையில் என் மேலாளர் திருமதி டான் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவர் கண் வண்டிக்குப் போனது. கருவாடு, மஞ்சள் தாள் ஒட்டிய ரொட்டி, எண்ணெய் வழிய வாரிப் பின்னிய உன் தலை, வெளுத்துப்போன உன் தொழிற்சாலைச் சட்டை.

“கக்காக்கோட வந்தீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கக்காக் என்றால் மலாய் மொழியில் அக்கா. ஆனால் இங்கே பல வீடுகளில் வேலைக்கு இருக்கும் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

“ஆமா, கக்காக்” என்றேன்.

“எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்காங்க?”

“ரொம்ப வருஷமா.”

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா, அக்கா?

நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை முன்னால் தள்ளி, சாமான்களை எடுத்து வைத்தாய். என்னுடையதை முதலில் வைத்தாய். எல்லாப் பைகளையும் நீயே தூக்கிக்கொண்டு எனக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தாய். திருமதி டானின் கார் பக்கத்திலேயே நின்றதால், நீ என் காரின் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாய். நான் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நீயே அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டாய்.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு, “அக்கா, முன்னால வந்து உக்காரு” என்றேன்.

“பரவால்ல லா. காலை நீட்டிக்க வசதியா இருக்கு” என்றாய்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. நானும் பேசவில்லை. நீ ஒரு முறை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பின் வந்த தீபாவளிக்கு நீ என் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? காலையிலேயே வந்துவிட்டாய். தலையில் எண்ணெய் இல்லை. முடி காய்ந்து பறந்தது. புதுச் சட்டை, ஏதோ சென்ட் வாசனை. வருஷா வருஷம் நீ தூக்கு நிறையக் கொண்டுவரும் அச்சுமுறுக்கைக் காணோம். அதற்குப் பதில் ரிப்பன் கட்டிய பெட்டியில் கேக்.

“இப்பதான் அக்கா நீ பாக்க நல்லா இருக்க” என்றேன். மனதாரச் சொன்னேன். என் அக்கா ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

“உன் ஆபீஸ் ஆளுங்க எத்தனை மணிக்கு வராங்க?” என்று கேட்டாய்.

“பன்னெண்டு மணிக்கு.”

பதினொன்றரைக்கு நீ செருப்பை மாட்டிக்கொண்டாய். “வீட்ல வேலை கெடக்கு பாப்பா.” நான் ஒரு வார்த்தை ‘இரு’ என்று சொல்லவில்லை. வாசல்வரை வந்தேன். கேட்டைத் திறந்துவிட்டேன். உன் கேக்கைத் திருமதி டான் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து உன் அடுப்படியில் நீ விழுந்தாய். நான் மருத்துவமனைக்கு வந்தபோது உனக்குப் பேச்சு போயிருந்தது. இரண்டு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது காதில் சொல்லியிருக்கலாம். அத்தான் இருக்கிறார், கவிதா இருக்கிறாள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

உன் காரியத்துக்குத் திருமதி டானும் வந்தார். அலுவலகத்தில் ‘தேவியின் அக்கா இறந்துவிட்டார்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மாலை போட்டு வைத்திருந்த உன் படத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“தேவி, இது அன்னைக்குப் பார்த்த கக்காக்.”

“என் கூடப் பிறந்த அக்கா” என்றேன்.

அவர் என் கையைப் பிடிக்கவில்லை. உன் படத்துக்குக் குனிந்து வணங்கிவிட்டு, போய் கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் கவிதா கேட்டாள். “யாரு சித்தி அவங்க? அம்மாவை அவங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கிட்ட வந்து ஸாரி ஸாரின்னு சொல்றாங்க.”

“கடையில பாத்திருக்காங்க” என்றேன். உன் சாம்பல்கூட ஆறவில்லை, அப்போதும் மழுப்பினேன்.

நாற்பது நாள் கழிந்த பிறகுதான் கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போகும்போது நீ வாங்கும் அதே தேங்காயெண்ணெய், அதே கருவாடு, அதே மசாலா எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

“அதான் அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கிறத விட்டாங்களா?” என்றாள். “தினமும் சாயங்காலம் நான்தான் வச்சு விடுவேன். திடீர்னு வேணாம்னுட்டாங்க. வாடை போக மாட்டேங்குதாம். என் கை சரியில்லையோன்னு நினைச்சேன் சித்தி.”

அக்கா, எனக்கு அது தெரியாது. உன் கடைசி மாதங்களில் உன் மகளின் விரல் உன் தலையில் பட்டிருக்க வேண்டிய சாயங்காலங்களையும் சேர்த்து நான் பறித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

நான் வாங்கிப் போன பைகளைக் கவிதா பார்த்தாள். “வாங்கிட்டு வந்துட்டா ஆச்சா?” என்று மட்டும் கேட்டாள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அவள் சொன்னது சரி. கடையில் எடுத்த பொருளை வைத்தே என்னை இன்னொருத்தியாக ஆக்கிக்கொண்டேன். கடையில் எடுத்த பொருளை வைத்தே திரும்பவும் உன் தங்கையாகிவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படிப்பாள், பதில் வராது. போன வாரம் அவளே அனுப்பினாள்.

“ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் படையல். வர்றதுன்னா விடியவே வாங்க சித்தி, சமைக்க ஆள் வேணும். கடையில எதுவும் வாங்கிட்டு வராதீங்க.”

மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

திருமதி டானையும் அழைக்கலாமா என்று கவிதாவிடம் கேட்டேன். ‘சரி’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. ஆகவே நாளைக்கு அலுவலகத்தில், எல்லோரும் இருக்கும்போது அவரைக் கூப்பிடப் போகிறேன். ‘என்னைப் படிக்க வைத்த என் அக்காவுக்குப் படையல், வாருங்கள்’ என்று சத்தமாகச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உன் அடுப்படியில் நிற்பேன். கவிதா சொல்கிற வேலையைச் செய்வேன். யார் வந்தாலும், கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை அங்கேயே இருப்பேன். வெறுங்கையோடு வருகிறேன், அக்கா. இது சத்தியம்.

உன் தங்கை,
தேவி